அப்பாவின் எக்ஸ்எல்

ஜூலை 6

நேற்று அப்பாவின் பதினாறு அடியந்திரம். இன்று பந்தலைப் பிரித்ததும் திண்ணையோரம் நின்ற டிவிஎஸ் எக்ஸ்எல் கண்ணில் பட்டது. கால் வைக்கும் தகட்டில் வாழைக்கறை கறுத்துக் கிடக்கிறது. வருடக்கணக்காக வடசேரி சந்தைக்குக் குலை ஏற்றிப்போனதில் ஏறிய கறை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

சாவியை எடுத்தேன். அத்தை மகன் தடுத்தார். ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், விவரம் தெரிந்தவர். "பொறு பிள்ளே. மாமா பேருல உள்ள வண்டி. 30 நாளைக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுத்தாத்தான் மூணு மாசம் ஓட்டலாம். அதுக்குள்ள பேரை மாத்திரணும். இன்சூரன்ஸும் அந்த மூணு மாசத்துக்கு மேல தாங்காது."

ஜூலை 9

இறப்புச் சான்றிதழ் நகலோடு, வண்டியை நான் ஓட்டப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். பேர் மாற்ற, விற்ற வண்டிக்குப் படிவம் 30. இறந்தவர் வண்டிக்கு 31. முப்பதில் விற்பவரும் கையெழுத்துப் போடவேண்டும். முப்பத்தொன்றில் அப்பா கையெழுத்துக்கு இடமே இல்லை.

ஜூலை 15

வாரிசு சான்றிதழுக்கு இ-சேவையில் பதிந்திருந்தோம். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வந்தார். அம்மா, நான், மஸ்கட்டில் இருக்கும் தம்பி என்று எழுதிக்கொண்டே வந்தவர், "இறந்தவரோட அம்மா இருக்காங்களா?" என்றார். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மக்களோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு.

உள்ளறையில் படுத்திருந்த ஆச்சி எழுந்து உட்கார்ந்தாள். "எனக்கு எதுக்குய்யா மோட்டார் வண்டி?" அடியந்திரத்துக்குப் பிறகு அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

ஜூலை 28

அத்தான் ஆச்சியைச் சீண்டினார்: "பழைய முறையா இருந்தா வண்டி மருமகன் எனக்குல்லா ஆச்சி?"

"உனக்குத்தாம்லே. எங்கம்மை சொல்லுவா, அவ அப்பா செத்தப்போ வில்வண்டியையும் காளையையும் மருமகன் ஓட்டிக்கிட்டுப் போனானாம். பெத்த பிள்ளைகளுக்கு ஒரு சாட்டைக்கம்புகூடக் கிடைக்கல்ல."

நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள் வழி இருந்த காலம் அது. ஆண் சேர்த்த சொத்து சகோதரி மகனுக்கு. தேரூர்க் கவிமணி 'மருமக்கள் வழி மான்மியம்' எழுதிக் கேலி செய்தது இந்த வழக்கத்தைத்தான். கொல்லம் ஆண்டு 1101இல், அதாவது 1925-26இல், திருவிதாங்கூரில் இதை மாற்ற நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. இன்று மகள் படிவம் நிரப்புகிறேன். மருமகன் காசு வாங்காமல் ஆயில் மாற்றித் தருகிறார்.

ஆகஸ்ட் 22

பூதப்பாண்டி தாலுகா ஆபீசிலிருந்து வாரிசு சான்றிதழ் வந்துவிட்டது. நாலு பேர். வண்டி என் பேருக்கு வர, மற்ற மூவரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரவேண்டும். தம்பி அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பியிருந்தான்.

2021 முதல் ஆர்.சி.யிலேயே நாமினி பேர் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்திருந்தால் இந்த அலைச்சலில் பாதி மிஞ்சியிருக்கும். ஆனால், அப்பாவிடம் யார் சொல்வது? "நான் எப்போ சாவேன்னு பாத்துக்கிட்டிருக்கியா?" என்று கேட்டிருப்பார்.

ஆச்சி கைநாட்டு வைத்தாள். மையைத் துடைக்கத் துணி கொடுத்தேன், வாங்கவில்லை. விரலைப் பார்த்தபடியே கேட்டாள்: "அவன் பேரை அழிச்சிருவாவளா?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

செப்டம்பர் 10

பழைய ஆர்.சி., இன்சூரன்ஸ், சான்றிதழ்கள் எல்லாம் கொடுத்தாயிற்று. மூன்று மாதம் முடியப் பத்து நாள்தான் மிச்சம்.

செப்டம்பர் 27

தபாலில் புது அட்டை வந்தது. TN 74 எண் மாறவில்லை. உரிமையாளர் வரிசை எண் மட்டும் 1 போய் 2.

ஆச்சியிடம் வாசித்துக் காட்டினேன். மேலே என் பேர். கீழே, இன்னாருடைய மகள் என்று போடும் இடத்தில், அப்பா பேர்.

"அழிக்கல்ல ஆச்சி. ஒரு வரி கீழே இறக்கியிருக்காங்க."

அட்டையை வாங்கி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "சரி. வடசேரி போனா மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிட்டு வா" என்றாள்.