மனைக்கு எல்லை மனிதர்கள்

பிள்ளைகளே, கடலூரிலும் சிதம்பரத்திலும் நிலம் வாங்கி விற்கும் தொழிலுக்கு உங்களில் பலர் இப்போது வருகிறீர்கள். பைக்கில் ஆளை ஏற்றிக்கொண்டு போய் மனை காட்டுகிறீர்கள். கைப்பேசியில் வீடியோ எடுத்து அனுப்புகிறீர்கள். உங்கள் சுறுசுறுப்பைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. நான் பத்திரம் எழுதியே காலம் கழித்தவன். கிரயத்துக்கு வருகிறவர்கள் பத்திர எழுத்தரின் மேசை முன்னால் உட்கார்ந்து பேசும் பேச்சு எல்லாம் என் காதில் விழுந்திருக்கிறது. கஷ்டப்படுகிற ஊர்களைப் பற்றி முதலீடு செய்ய வருகிறவர்கள் பேசும் விதம்தான் அதில் என்னை அதிகம் வருத்தியது. அதைப் பற்றி உங்களோடு பேச வேண்டும்.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போனால் சிப்காட் தொழிற்பேட்டை. குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம், காரைக்காடு என்று ஊர்கள் அதை ஒட்டியே இருக்கின்றன. ஒரு பக்கம் நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் உப்பனாறு, ஆற்றுக்கு அப்பால் கடற்கரையில் மீனவர் கிராமங்கள். அந்தப் பக்கம் மனை பார்த்துவிட்டு வருகிறவர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "அது செத்த ஏரியா சார்." "கேன்சர் ஊரு." "நாத்தம் புடிச்ச இடம்." "ஜனங்க சரியில்ல." கடைசியில் வருவதுதான் காரியம்: "அடிச்சுப் பேசினா அடிமாட்டு விலைக்குக் கொடுத்துடுவான்."

இதைச் சொல்லும்போது விற்கிறவரும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் தலையைக் குனிந்துகொள்வார். மருத்துவச் செலவுக்காக நிலத்தை விற்க வந்த ஓர் அம்மா மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பதில் சொன்னார்: "எங்க மாமியார் காலத்துல அந்தக் கிணத்துத் தண்ணியிலதான் தம்பி ஊருக்கே கல்யாணச் சமையல் நடந்துச்சு. தண்ணியக் கெடுத்தது நாங்க இல்ல." வாங்க வந்தவரிடம் அதற்கு மறுமொழி இல்லை.

அந்த அம்மா சொன்னதில் முழு வரலாறும் இருக்கிறது. சிப்காட் என்ற அரசு நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. கடலூர்த் தொழிற்பேட்டை எழுந்தது 1980களில். பூச்சிமருந்து, மருந்துப் பொருள், சாயம், பிசின் என்று வேதிப்பொருள் ஆலைகள் ஒன்றின்பின் ஒன்றாக வந்தன. ஆலைக்கு நிலம் கொடுத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். ஆற்றில் மீன் குறைந்ததும் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியதும் அதற்குப் பிறகுதான். 2021 மே மாதம் ஒரு பூச்சிமருந்து ஆலையில் நடந்த விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் குடிகாட்டில் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, நள்ளிரவில் வீடுகளுக்குள் சாயக்கழிவு புகுந்தது. இத்தனையையும் தாங்கிக்கொண்டு இருக்கிற ஊரை ‘நாத்தம் புடிச்ச ஊர்’ என்று சொன்னால், அடித்தவன் பெயர் மறைந்து அடிபட்டவன் பெயர் மட்டும் கெடுகிறது. கேட்பவர்கள் குற்றம் ஊராருடையது என்றே நினைத்துக்கொள்வார்கள்.

அப்படி நினைப்பதால் நஷ்டமும் உண்டு. ஊர்ப் பெயர் கெட்டால் வாங்குகிறவன் விலையை இறக்குகிறான். வங்கியில் அடமானம் வைக்கப் போனால் மதிப்பைக் குறைத்துப் போடுகிறார்கள். ஊரைச் சொன்னதும் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள், பெண் எடுக்கவும் தயங்குகிறார்கள். முகவரியைப் பார்த்ததும் வேலை கொடுப்பவரின் முகம் மாறுகிறது. பிறகு சிலர் தங்கள் சொந்த ஊரைச் சொல்லாமல் ‘கடலூர் பக்கம்’ என்று சொல்லப் பழகிக்கொள்கிறார்கள். நீங்கள் கமிஷனுக்காகச் சொன்ன ஒரு வார்த்தை இத்தனை பேரின் வாழ்க்கைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பத்திரம் எழுதியவன் என்பதால் ஒன்றைக் கேட்கிறேன். எந்தக் கிரயப் பத்திரத்தையாவது எடுத்துச் செக்குபந்தியைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? சர்வே எண் இருக்கும், அளவு இருக்கும். அதோடு நான்கு எல்லையும் எழுதியிருக்கும். இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் நிலத்துக்கு மேற்கு, இந்தத் தெருவுக்கு வடக்கு, அந்த வாய்க்காலுக்குத் தெற்கு. பக்கத்தில் இருக்கிறவர்களின் பெயரைச் சொல்லித்தான் உங்கள் மனை எது என்றே காட்ட முடிகிறது. ‘ஜனங்க சரியில்ல’ என்று நீங்கள் தள்ளிவிடும் அந்த ஜனங்கள்தான் உங்கள் சொத்துக்கு எல்லை. நாளைக்கு ஒரு வழக்கு வந்தால், இந்த மனை இவருடையதுதான் என்று சாட்சி சொல்ல வரப்போகிறவர்களும் அவர்களே.

நிலத்தை வேறு மாதிரி அளந்த காலமும் இதே கடலூரில் இருந்திருக்கிறது. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள ஊர்களும் அந்த விலையில் அடக்கம். அந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் என்று அழைக்கப்பட்டன. அங்கே யார் இருக்கிறார்கள், என்ன பயிர் செய்கிறார்கள் என்று குண்டுக்குத் தெரியாது. போய் விழுந்த இடம் எல்லை. ‘அந்த ஏரியா பூரா வேஸ்ட்டு’ என்று சாலையில் நின்றபடியே கையை நீட்டிக் காட்டுகிறவரும் அப்படித்தான் அளக்கிறார். எல்லையை மனிதர்களின் பெயரால் எழுதுவதா, குண்டால் எழுதுவதா என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும்.

இங்கே உங்களில் ஒருவர் கேட்கலாம்: "அப்படியென்றால் குறையை மறைத்து விற்கச் சொல்கிறீர்களா, தாத்தா?" கூடவே கூடாது. மறைப்பது வாங்குகிறவருக்குச் செய்யும் துரோகம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமே, விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் போட்டு நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்கிறது. ரசாயன ஆலையின் பின்சுவரை ஒட்டி மனை போட்டு அதற்குச் ‘சோலை நகர்’ என்று போர்டு வைப்பதும் ஊரை அவமதிப்பதுதான். அங்கே மூச்சு விடுகிறவர்களின் கஷ்டத்தை இல்லை என்று சொல்கிற அவமதிப்பு அது. மரியாதையாகப் பேசுவது என்றால் உண்மையை முழுதாகச் சொல்வது.

முழுதாகச் சொல்வது எப்படி என்று அந்த ஊர்க்காரர்களே காட்டியிருக்கிறார்கள். 2004 வாக்கில் சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு, காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கும்போது, என்ன மாதிரி வாடை வந்தது என்று எழுதி வைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திய எளிய கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நச்சு வேதிப்பொருள்கள் இருப்பது அதில் தெரியவந்தது. அபாயகரமான கழிவுகளுக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழுவும் 2004இல் இங்கே வந்து பார்த்தது. ‘நாத்தம் புடிச்ச ஊர்’ என்று வெளியிலிருந்து வந்தவர் ஒரே வார்த்தையில் முடித்த இடத்தில், உள்ளே இருந்தவர்கள் தேதி போட்டு, நேரம் போட்டு, திசை குறித்து எழுதினார்கள். முதல் வார்த்தையால் யாருக்கும் பயனில்லை. இரண்டாவதை வைத்து வழக்குப் போடலாம், ஆலையைத் திருத்தலாம், வாங்குகிறவரும் தெரிந்து வாங்கலாம்.

இன்னொரு பேச்சு இதைவிடக் கொடியது. சிதம்பரம் பக்கம் மனை காட்டும்போது குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: "பின்னாடி காலனி இருக்கு, அதான் ரேட்டு கம்மி." இதை நிலவரம் சொல்வதாக நினைக்காதீர்கள். சாதியை விலைப் பட்டியலில் ஏற்றுகிறீர்கள். இந்தச் சிதம்பரத்தில்தான் 1916இல் சுவாமி சகஜானந்தா நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். ஒதுக்கி வைக்கப்பட்ட பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அங்கே படித்து வெளியே வந்தார்கள். நீங்கள் கண்ணால் ஜாடை காட்டுகிற தெருவில் தலைமை ஆசிரியரும் செவிலியரும் தாசில்தாரும் குடியிருக்கக்கூடும். இல்லாவிட்டால்தான் என்ன? கூலி வேலை செய்கிறவர் மட்டும் குடியிருந்தாலும் அந்தத் தெரு தெருதான்.

அரசாங்கமும் இந்தப் பாடத்தை மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், 2021இல்தான் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தது 2025 ஏப்ரலில். பலகையை மாற்றுவது அரசு செய்ய வேண்டிய வேலை. வாயை மாற்றிக்கொள்வது நம்முடைய வேலை, அதற்கு அரசாணை தேவையில்லை.

ஊர்களுக்குப் போடுகிற முத்திரை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. 1930களில் அங்கே வீட்டுக் கடனுக்கான அரசு நிறுவனம் ஒன்று நகரங்களின் வரைபடத்தில் பகுதி பகுதியாக நிறம் தீட்டியது. நல்ல பகுதிக்குப் பச்சை, அபாயமான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த இடங்கள் பெரும்பாலும் சிவப்பில் அடங்கின. சிவப்பு விழுந்த இடத்துக்குக் கடன் கிடைப்பது அரிதானது. கடன் இல்லாததால் வீடுகள் பாழடைந்தன. பாழடைந்ததைக் காட்டி, "அன்றே சொன்னோமே" என்றார்கள். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்க்கக் கூடாது என்று 1968இல் சட்டம் வந்தது. ஆனாலும் அந்தச் சிவப்பின் தழும்பு இன்னும் அங்கே மறையவில்லை. முத்திரை குத்துகிறவன் ஊரைப் பற்றிச் சொல்வதோடு நிற்பதில்லை, ஊரை அப்படி ஆக்கியும் விடுகிறான்.

முத்திரையைத் தாண்டி வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். சென்னையின் கண்ணகி நகர், ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் கொண்டு போய்க் குடியேற்றிய இடம். அந்த முகவரிக்காகவே வேலை மறுக்கப்பட்டவர்கள் அங்கே பலர். அங்கிருந்துதான் கார்த்திகா என்ற பெண் கபடி ஆடி, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். தன் ஊர்ப் பெயரை மறைக்காமல் பெருமையோடு சொன்னார். ஆனால் தங்கம் வாங்கிய பிறகுதான் ஓர் ஊருக்கு மரியாதை தருவோம் என்றால் அது நமக்கு அழகில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஊரின் பெயரை முழுதாகச் சொல்லுங்கள். ‘அந்த ஏரியா’ என்று கைவீசாமல் ஈச்சங்காடு என்று சொல்லுங்கள். குறை இருந்தால் குறையையும் அதன் காரணத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்: "ஆலைக் கழிவால் இங்கே நிலத்தடி நீர் கெட்டிருக்கிறது; குடிக்க வேறு தண்ணீர்தான்; காற்று இந்தப் பக்கம் திரும்பினால் வாடை வரும்." மழையில் தண்ணீர் நிற்குமென்றால் எந்தெந்த ஆண்டு எவ்வளவு உயரம் நின்றது என்று விசாரித்துச் சொல்லுங்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். அதே மூச்சில் அங்கே இருக்கிற பள்ளிக்கூடத்தையும், பேருந்து வசதியையும், ஒன்றென்றால் ஓடிவருகிற மனிதர்களையும் சொல்லுங்கள். மக்களின் குணத்துக்கு மட்டும் ஒருபோதும் தீர்ப்பு எழுதாதீர்கள். அது உங்கள் தொழிலில் அடங்காது.

விற்க வருகிறவரின் அவசரத்தைப் பார்த்து ஊரைத் தாழ்த்திப் பேசி விலையை இறக்காதீர்கள். அப்படிக் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கு அவருடைய மானம். அது எந்த நாளும் உங்கள் வீட்டில் நிம்மதியாகத் தங்காது.

உங்களுக்கு ஓர் அளவுகோல் தருகிறேன். ஓர் ஊரைப் பற்றி வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு முன், அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிற வார்த்தையை அவர் இல்லாத இடத்திலும் சொல்லாதீர்கள். அவர் கேட்டாலும் "ஆமாம் தம்பி, உண்மைதான்" என்று தலையாட்டக்கூடியதைத் தயங்காமல் சொல்லுங்கள். இப்படிப் பேசுகிறவரைத் தேடித்தான் வாங்குகிறவரும் வருவார், விற்கிறவரும் வருவார்.