மேக் அப்

என் தமையனார் எனக்கு எழுதிய கடிதங்களில் ஒன்றை மட்டும் இன்னும் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். பாகப்பிரிவினையில் உண்டான மனஸ்தாபத்தால் இரண்டு வருஷ காலம் பேச்சற்று இருந்தபின், மனத்தை உறுத்தும் விஷயங்களைத் தமிழில் எழுதக் கூசி ஆங்கிலத்தின் மறைவை நாடும் அக்காலத்துப் படித்தவர்களின் வழக்கப்படி, அவரும் ஆங்கிலத்தில் நாலே வரி எழுதி, 'ஐ வாண்ட் டு மேக் இட் அப்' என்று முடித்திருந்தார்.

'மேக்' என்றால் செய்வது, 'அப்' என்றால் மேலே என்பது பள்ளிச் சிறுவனுக்கும் தெரியும். ஆனால் இரண்டும் கூடி நிற்கும்போது பிறக்கும் அர்த்தம் இரண்டில் எதனிடமும் இல்லை. டாக்டர் ஜான்ஸன் 1755-ஆம் வருஷத்தில் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு ஒரு சிறு சொல் ஒட்டிக்கொண்டு அதன் பொருளை மாற்றிவிடும் இந்த முறை அந்நியர்களுக்கு மிகவும் கடினமானது என்று கூறி, இத்தகைய பிரயோகங்களைச் சிரத்தையோடு குறித்திருப்பதாகவும் சொல்கிறார். 1930-இல் ஆக்டன் என்ற அறிஞர் ஆங்கிலத்தை 850 சொற்களுக்குள் அடக்கி, வினைகளைப் பதினெட்டாகச் சுருக்கியபோதும், விட்டுப்போன வினைகளின் வேலையை இந்தச் சேர்க்கைகளிடமே ஒப்படைத்தார். அதனால் கற்பவனுடைய பாரம் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எண்ணிக்கையில் குறைந்த பாரம் அர்த்தத்தில் ஏறிக்கொண்டது.

எங்கள் ஊரில் நான் இந்தச் சொல்லை முதலில் கேட்டது புத்தகத்தில் அல்ல. அளவைக் காட்டும் காகிதப் பட்டை ஒட்டிய சீசாவில் கம்பவுண்டர் மருந்து கலந்து கொடுப்பதற்கு டாக்டர் சொன்ன சொல் இதுதான். நாடகக் கொட்டகையில் அரிதாரம் பூசுவதற்கும் இதே பெயர். பிறகு நான் வேலைக்குச் சேர்ந்த அச்சுக்கூடத்தில், கம்பாசிடர் கோத்துவைத்த எழுத்துப் பத்திகளை எடுத்து, தலைப்பும் கோடும் இட்டுப் பக்கமாக அமைத்து, ஓர் எழுத்தும் சிதறாதபடி சுற்றிலும் நூலால் இறுக்கிக் கட்டும் வேலைக்கும், இரவு இரண்டு மணி வரையில், 'மேக்கப்' என்பதே பெயராக இருந்தது. அந்த நூல் இறுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இரவில்தான், இந்த ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ் வினை ஒன்று என் மனத்தில் பட்டது. பக்கம் கட்டுகிறோம், வேஷம் கட்டுகிறோம், பொட்டலம் கட்டுகிறோம், இல்லாத கதையைக் கட்டிவிடுகிறோம், யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு முடிவு கட்டுகிறோம், நஷ்டத்தை ஈடுகட்டுகிறோம். ஆங்கிலேயன் 'மேக் அப்' என்னும் இடங்களில் இத்தனையிலும் நம் 'கட்டு' இயல்பாகச் சென்று நிற்கிறது! கடல் கடந்த இரண்டு பாஷைகள் ஒன்றையொன்று அறியாமலே, சிதறிக் கிடப்பதைச் சேர்த்து முழுமையாக்குவதும் பொய்யைப் புனைவதும் ஒரே கையின் வேலை என்று கண்டிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஆயினும் ஓர் இடத்தில் 'கட்டு' பின்தங்கிவிடுகிறது. சண்டையிட்டவர்கள் ராசியாவதையும் ஆங்கிலேயன் 'மேக் அப்' என்கிறான். நாமோ அங்கே சமாதானம் என்போம், குழந்தைகளானால் பழம் விடுவது என்போம். தமையனாரின் வாக்கியத்தின் பின்னால் 'டு யூ' என்று இருந்தால் ஈடு செய்வது, 'வித் யூ' என்று இருந்தால் ராசியாவது. அவர் இரண்டையும் எழுதாமல் நிறுத்தியிருந்தார். என் தமிழ் மனம் தனக்குப் பழக்கமான வழியிலேயே சென்று, ஈடுகட்ட விரும்புகிறார் என்று எடுத்துக்கொண்டது. பங்கில் எனக்கு வரவேண்டியிருந்ததாக நான் நினைத்த 340 ரூபாய்க்கு, கிணற்றுச் செலவு, தீர்வைப் பாக்கி என்று இனம் இனமாகக் கணக்கெழுதி மறு தபாலில் அனுப்பினேன்.

ஏழாம் நாள் மணியார்டர் வந்தது. ஒரு ரூபாயும் குறையவில்லை. செய்தி எழுதுவதற்கென்று கூப்பனில் விட்டிருக்கும் இடத்தில் அவர் ஒன்றுமே எழுதவில்லை.

அந்த வாக்கியத்தின் மற்ற அர்த்தம் எனக்குப் புலப்பட்டபோது தமையனார் காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஏதோ ஒரு மொழிபெயர்ப்புக்காக அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தவன், அந்த ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடிதத்தையும் கூப்பனையும் அந்தப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.