மிச்சம் நின்ற சனம்

2004 கோடை விடுமுறையில் குவைத்திலிருந்து வந்த சித்தப்பா எங்களுக்கெல்லாம் கோடாலித் தைலமும் டேங் பொடியும் கொடுத்தார். அப்பாவுக்கு மட்டும் ஒரு தடித்த ஆங்கில நாவல். பெயர் 'லெஃப்ட் பிஹைண்ட்'. டிம் லஹேய் என்ற போதகரும் ஜெர்ரி ஜென்கின்ஸ் என்ற எழுத்தாளரும் சேர்ந்து எழுதியது. 1995இல் முதல் புத்தகம் வந்தது. சித்தப்பா வந்த வருஷம் பன்னிரண்டாவது வந்திருந்தது. அமெரிக்காவில் அது கோடிக்கணக்கில் விற்கிறது என்று சித்தப்பா சொன்னபோது, அப்பா முன்னட்டையையும் பின்னட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா திருப்பாலைக்குடியில் இங்கிலீஷ் வாத்தியார். எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வேலை மாற்றலில் இந்தக் கடற்கரைக்கு வந்தோம். எங்கள் தெருவில் நாங்கள் மட்டுமே கிறிஸ்தவக் குடும்பம். ஒரு பக்கத்து வீட்டில் நன்னி; தெருவே அப்படிக் கூப்பிடும் முஸ்லிம் பாட்டி. அவர் மகளுக்கு அப்போதுதான் பெண்குழந்தை பிறந்திருந்தது, மருமகன் சவூதியில். இன்னொரு பக்கம் நண்டு வலை கட்டும் தாத்தா. இளவயதில் தனுஷ்கோடியில் இருந்தவர் என்பதால் ஊரே அவரைத் தனுஷ்கோடித் தாத்தா என்றுதான் கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நாங்கள் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறுவோம்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு, இஷா தொழுகை முடிந்து தெரு அடங்கியதும் அப்பா திண்ணையில் உட்கார்ந்து அம்மாவுக்கும் எனக்கும் அந்தக் கதையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். ரெண்டாம் நாளே நன்னி வெற்றிலைப் பெட்டியோடு வந்துவிட்டார். அப்புறம் தாத்தா, நன்னியின் மகள், தெருப்பிள்ளைகள்.

சிகாகோவிலிருந்து லண்டனுக்குப் பறக்கிற விமானம். நடுராத்திரி, கீழே அட்லாண்டிக். திடீரென்று பயணிகளில் பல பேரைக் காணோம். அவர்கள் போட்டிருந்த உடுப்பு மட்டும் இருக்கையில் கிடக்கிறது, கண்ணாடியும் காலணியும் உட்பட. விமானி ரேஃபோர்டு ஸ்டீல் திரும்பிவந்து பார்த்தால் மனைவியும் மகனும் இல்லை. கல்லூரியில் படிக்கும் மகள் மட்டும் மிஞ்சியிருக்கிறாள். உலகத்தில் ஒரு சிறுகுழந்தைகூட இல்லை; வயிற்றில் இருந்த கருக்கள்கூடப் போய்விட்டன. விசுவாசிகளை இயேசு திடீரென்று தம்மிடம் எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் பூமியில் நிற்பார்கள் என்று எங்கள் சபைகளில் இரகசிய வருகை என்ற பெயரில் பிரசங்கிப்பதைத்தான் அவர்கள் விமானமும் தொலைக்காட்சியும் வைத்து எழுதியிருந்தார்கள்.

உடுப்பு கிடந்த இடத்தை அப்பா சொல்லும்போது நன்னியின் மகள் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். புருஷன் ப்ளைட் ஏறிப் போன பெண்ணுக்கு அந்த இருக்கை எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது யோசித்தால் நெஞ்சு அடைக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, அழுத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவள் கேட்டாள்: "சார், பச்சப்புள்ளய எடுத்துக்கிட்டுத் தாய விட்டுட்டுப் போறதா? அந்தத் தாய் என்ன பண்ணுவா, அத எழுதிருக்காகளா?"

அப்பா பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். "அவ்வளவா எழுதல" என்றார்.

நன்னி தன் பக்கத்துக் கதையைச் சொன்னார். உலகம் முடிகிற கியாமத்து நாளுக்கு முன்னால் ஒற்றைக்கண் தஜ்ஜால் வருவான், ஊரையெல்லாம் மயக்குவான், ஈஸா நபி இறங்கிவந்து அவனை முடிப்பார், யஃஜூஜ் மஃஜூஜ் கூட்டம் கிளம்பும். எங்கள் இயேசு அவர்கள் கதையிலும் வருகிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "கையில கன்னு வச்சிருக்கயில கியாமத்து வந்தாலும் நட்டுட்டுத்தான் எந்திரிக்கணும்னு நபி சொல்லிருக்காக" என்று நன்னி சொன்னதை அப்பா மறுபடி கேட்டு, புத்தகத்தின் கடைசித் தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

அந்த வாரத்தில் ஒருநாள் பள்ளி விட்டு வந்தேன். கதவு அகலத் திறந்திருந்தது. வாசலில் அம்மாவின் செருப்பு. அடுப்பில் சிறுதீயில் மீன்குழம்பு. கட்டிலில், காலையில் அம்மா உடுத்தியிருந்த ஊதாச் சேலை, அவிழ்த்துப் போட்டது போட்டபடி. கூப்பிட்டேன், பதில் இல்லை. கொல்லைக் கதவும் திறந்திருந்தது. கதையில் சிறுபிள்ளைகள் எல்லாரும் போய்விடுவார்கள். நான் வயசுக்கு வந்துவிட்ட பிள்ளை, எனக்கு அந்தச் சலுகை இல்லை. அம்மா போய்விட்டாள், நான் நிற்கிறேன் என்று தெளிவாகவே தெரிந்தது. சேலையைத் தொடக்கூடக் கை வரவில்லை.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது. பால் கேட்டு அழுகிற அழுகை. குழந்தை இருக்கிறது! உலகத்துக் குழந்தைகள் எல்லாம் போயிருக்க வேண்டிய நாளில் இது மட்டும் எப்படி இருக்கும்? அப்படியே திண்ணையில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதேன். அம்மா பின்வாசலால் ஓடிவந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டிக் கொடுக்கப் போனவளாம். சேலையெல்லாம் எண்ணெய் என்று மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி போயிருக்கிறாள். "ஏட்டி, எதுக்கு அழுத?" என்று கேட்டாள். சொன்னேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டாளே தவிர, அப்படியெல்லாம் நடக்காது என்று மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு அது நடக்கப்போகிற காரியம்.

நன்னி கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டு மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். "அப்ப இந்தக் குட்டி சத்தந்தான் ஒனக்கு பாங்கு" என்றார். அதன் பிறகு ராத்திரியில் பயம் வந்தால் சுவரோரம் காதை வைத்துப் படுத்துக்கொள்வேன்.

கதை வளர்ந்தது. ருமேனியாவிலிருந்து நிக்கோலே கார்பத்தியா என்றொருவன் வந்து ஐ.நா. சபையின் தலைவனாகிறான், அவன்தான் அந்திக்கிறிஸ்து. தொடரில் பின்னால் ஈராக்கில் புதிய பாபிலோன் எழும்பி அவனுக்குத் தலைநகராகிறது என்று சித்தப்பா சொல்லியிருந்ததை அப்பா சேர்த்துச் சொன்ன அன்று, பதினொன்றாம் வகுப்புப் படித்த அண்ணன் ஒருவன் கை கட்டிக்கொண்டு எழுந்து நின்றான். பாக்தாத் விழுந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. டீக்கடை டிவியில் எல்லாரும் பார்த்திருந்தோம். "சார், அமெரிக்காக்காரன் எழுதுற கதையில கெட்டவன் ஊரு ஏன் சார் ஈராக்கா இருக்கு?" அப்பா பாபிலோன் பைபிளில் இருக்கிற ஊர் என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, "நீ கேக்கறது சரிதான்ப்பா" என்றார். இந்தத் தொடரைப் பற்றி அமெரிக்க இறையியலாளர்கள் எழுதிய கண்டனங்களைப் பின்னாளில் தேடித் தேடிப் படித்தேன். அதே 2004இல் பார்பரா ராஸிங் என்ற லுத்தரன் பேராசிரியர் இந்த இரகசிய வருகைப் போதனையையே மறுத்து ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். நல்ல புத்தகம். ஆனாலும் அந்த அண்ணன் கேட்ட கேள்வியின் கூர்மையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அந்த வருகைக்கு நாள் கணக்குத் தெரியுமா என்று நன்னி கேட்டபோது அப்பா நம் பக்கத்துச் சரித்திரத்தைச் சொன்னார். இந்தப் போதனை 1830களில் இங்கிலாந்தில் ஜான் டார்பி என்பவரால் பரவியது. அவர் இருந்த அதே சகோதர சபை வட்டாரத்தைச் சேர்ந்த அந்தோணி குரோவ்ஸ் இந்தியாவுக்கு வந்தார்; அவரோடு ஊழியம் செய்தவர் திருநெல்வேலி அருளப்பன். 1860இல் அருளப்பனின் சபைகளில் பெரிய எழுப்புதல் உண்டானது. அதன் அலை திருவிதாங்கூருக்கும் போனது. அங்கே ஜஸ்டஸ் ஜோசப் என்ற, தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர், 1881இல் ஆண்டவர் வந்துவிடுவார் என்று அறிவித்தார். ஜனங்கள் காத்திருந்தார்கள். 1881 கடந்து போனது. அவர் எழுதிய மலையாளக் கீர்த்தனங்களை இன்றைக்கும் பாடுகிறார்கள். "பாட்டு நின்னுச்சு, தேதி நிக்கல" என்று அப்பா முடித்தார்.

தனுஷ்கோடித் தாத்தா அதுவரை அதிகம் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினார். 1964 டிசம்பர் 22 ராத்திரி, தனுஷ்கோடியை அழித்த புயல். பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஊருக்குள் நுழையுமுன்பே கடல் அதை மூடியது. அதில் மட்டும் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கோயில், மாதா கோயில், தபாலாபீஸ், ஸ்டேஷன் எல்லாம் ஒரே ராத்திரியில். "சார் கதையில ஆளு போயி உடுப்பு கெடக்குது. எங்களுக்கு உடுப்பு போயி ஆளு கெடந்துச்சு. யாரு எந்தச் சாமி கும்புட்டாகன்னு பாத்து எடுக்கல. அங்கிட்டு ஒரு குழி, இங்கிட்டு ஒரு குழி, எல்லாரயும் ஒண்ணாத்தான் வச்சோம்."

யாரும் வாய் திறக்கவில்லை. அன்று கதை நடக்கவில்லை.

மறுநாள் அப்பா சொன்னது புரூஸ் பார்ன்ஸ் கதை. அவர் உதவிப் போதகர். சபையில் அநேகமாக எல்லாரும் எடுத்துக்கொள்ளப்பட, இவர் மட்டும் நிற்கிறார். ஊருக்குப் பிரசங்கித்தவர், தான் முழுமனதோடு விசுவாசிக்கவில்லை என்று அழுகிறார். பிறகு மிஞ்சிய ஆட்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறார். திண்ணைக்கு மிகவும் பிடித்த ஆள் அவர்தான். "நம்ம பள்ளிவாசல்லயும் இப்படி ஒரு ஹஜ்ரத்து இருந்தாக" என்று நன்னி ஒருவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மேலே போனவர்களைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. எல்லாக் கேள்வியும் நின்றவர்களைப் பற்றித்தான். அந்தத் தொடரைப் படித்து மனம் மாறியவர்களின் அனுபவங்களையே நூலாசிரியர்கள் 2003இல் தனிப் புத்தகமாகப் போட்டார்கள். எங்கள் திண்ணை கேட்ட கேள்விகள் அதில் இருக்க வழியில்லை. அவற்றையும் யாராவது எழுதிவைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுனாமியில் நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் அழிந்த செய்தி வந்தது. எங்களுக்குக் குறுக்கே இலங்கை நின்றதால் பாக் நீரிணைக் கடல் அடங்கியே இருந்தது. ஆனால் அது அன்றைக்கு யாருக்குத் தெரியும்? ஊரே கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஓடியது. நன்னியால் நடக்க முடியவில்லை. அப்பாவும் தாத்தாவும் இரு பக்கமும் தாங்கிக்கொண்டார்கள். குழந்தை என் இடுப்பில் இருந்தது. அம்மா ஓயாமல் ஜெபித்தபடி, நன்னியின் மகளுடைய கையை விடாமல் வந்தாள்.

இரண்டு நாள் கழித்துத் திண்ணையில் எல்லாரும் கூடியபோது அப்பா புத்தகத்தை எடுக்கவில்லை. இந்த நேரத்தில் இந்தக் கதை வேண்டாம் என்று சொன்னார்.

"இப்பத்தான் சார் வேணும்" என்றார் தாத்தா. "நின்ன சனம் அடுத்து என்ன பண்ணுச்சு, அதச் சொல்லுங்க."