ஸ்கெட்ச் பென் முதலில், கலர் பென்சில் பிறகு

பாப்பாவின் ஸ்கெட்ச் பென் டப்பா இப்போது என் வசம். கலர் அடிக்க விலை உயர்ந்த மார்க்கர் தேவையே இல்லை. மலிவு செட்டின் குணம் தெரிந்தால் போதும்.

அதன் மை தண்ணீரில் கரைத்த சாயம்தான். ஈரம் காயுமுன் அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் நோட்டுத்தாள் திரிதிரியாக உரிந்து வரும். ஒரே திசையில் ஒரு தடவை, அவ்வளவுதான். காய்ந்ததும் அதே நிறக் கலர் பென்சிலை மேலே லேசாக ஓட்டுங்கள். பேனா விட்ட வரிகள் மறையும், நிழலும் வந்துவிடும். பென்சிலை முதலில் அடித்தால் அதிலுள்ள மெழுகு மையை ஒட்டவிடாது.

மஞ்சளை எப்போதும் முதலில் அடித்துவிடுங்கள். காயாத கறுப்பில் பட்டால் அந்தப் பேனா அழுக்கு மஞ்சள்தான் (வீட்டுக்கு வீடு அப்படி ஒன்று இருக்கும்!).

முடித்த படத்தை வெயில் படும் சுவரில் மட்டும் ஒட்டாதீர்கள். சாயம் வெளுத்துவிடும்.