சிங்க்குக்கு அடியில்

திருவல்லிக்கேணியில் அந்த வீட்டுச் சமையலறைக்கு சிங்க் வந்ததே பின்னால்தான். 1950-களில் கட்டிய வீடு. அப்போது பாத்திரம் தேய்த்ததெல்லாம் கிணற்றடியில். பிறகு கடப்பா கல் மேடை போட்டு, தொட்டியைப் பதித்து, வளையம் வளையமாக இருக்கும் பிளாஸ்டிக் வேஸ்ட் பைப்பைத் தரை ஓட்டையில் சொருகிவிட்டார்கள். கரப்பான் ஏறி வராமலிருக்க ஓட்டையைச் சுற்றிப் பழைய துணி. 2020 ஊரடங்கில் வேலைக்கு ஆள் வராமல் போகவே டிஷ்வாஷர் வாங்கினார்கள். பொருத்த வந்தவர் அதன் ஹோஸையும் அதே ஓட்டையில் நுழைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். இயந்திரக்காரருக்கும் பிளம்பருக்கும் நடுவில் இருக்கும் இந்த ஓர் அடி, யார் கணக்கிலும் வருவதில்லை.

இயந்திரம் ஓடும், பாத்திரத்தில் சாம்பார்க் கறை அப்படியே இருக்கும். அந்தத் தெருக்களிலேயே தொழில் செய்து நரைத்த பிளம்பர் ஒருவரோடு நானும் போயிருந்தேன். அவர் பையைக்கூடத் திறக்கவில்லை. இயந்திரத்தை ஓடவிட்டு, ஓட்டையிலிருந்து ஹோஸை உருவி, கல் மேடை உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சலசலப்பு நின்றது.

“மோட்டார் தள்ளல மாமி. தண்ணி தானா எறங்குது.”

சைபன்தான். ஹோஸின் வாய் தாழ்ந்திருந்தால், இயந்திரம் எடுக்கிற தண்ணீர் கழுவுவதற்கு முன்பே வழிந்துவிடும். அதனால்தான் பெரும்பாலான கையேடுகள் வடிகுழாயைத் தரையிலிருந்து 40 செ.மீ.க்கு மேல், ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் உயர்த்தச் சொல்கின்றன. மேடைக்கு அடியில் ஹோஸை வளைத்துக் கட்டினால் இன்னொரு லாபம்: சிங்க் அடைத்துக்கொண்டாலும் அழுக்குத் தண்ணீர் சுலபத்தில் இயந்திரத்துக்குள் திரும்பாது.

பழைய வேஸ்ட் பைப்பை அவர் அறுத்துக் காட்டினார். உள்ளே ஒவ்வொரு மடிப்பிலும் மஞ்சள் மெழுகுபோல் எண்ணெய்ப் பிசுக்கு. டிஷ்வாஷர் 60, 70 டிகிரி சூட்டில் நெய்யையும் எண்ணெயையும் உருக்கி அனுப்புகிறது. போகும் வழியில் ஆறி, மடிப்புகளில் படிகிறது. சாதாரண பிவிசிக்கும் அந்தச் சூடு ஒத்துக்கொள்ளாது. அவர் கொண்டுவந்த பாட்டில் டிராப்பில் ஹோஸைச் சொருகப் பக்கவாட்டில் ஒரு மூக்கு இருந்தது. அந்த டிராப்பின் வயிற்றில் எப்போதும் நிற்கிற சிறிதளவு தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்துக்குப் பூட்டு. கழிவறைக்காக இதே தண்ணீர்ப் பூட்டு யோசனைக்கு அலெக்ஸாண்டர் கம்மிங் 1775-இல் லண்டனில் காப்புரிமை பெற்றார். அடிப்படை இன்றும் மாறவில்லை.

அடுத்தது குழாயின் வாட்டம். மீட்டருக்கு இரண்டரை செ.மீ. இறக்கம். “டேய், ரசமட்டம் வெச்சுப் பாரு, கண்ணால பாக்காத” என்று உதவிப் பையனை அதட்டினார். அப்புறம் அவரே ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொண்டார்.

முற்றத்தில் வீட்டுக் கழிவுநீர் வந்து விழும் கல்லி டிராப்பைத் திறந்ததும் பாட்டியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினார். அங்கிருந்து தெரு சேம்பர் வரை பழைய ஸ்டோன்வேர் குழாய். சிமெண்ட் இணைப்புகளில் முருங்கை வேர் நுழைந்திருந்தது. தரையை உடைத்துத்தான் மாற்றவேண்டும் என்றார் பிளம்பர். கொலு முடியட்டும் என்று வீட்டில் தவணை சொன்னார்கள். அதுவரை அரிசி களைகிற தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றச் சொல்லிவிட்டு, கூலியைப் பேச உட்கார்ந்தார்.