பழைய பேட்டுக்கு அடுத்தது

ஜூன் 4

பேட்மின்டன் இரட்டையர் ஆட்டத்தில் நடுக்கோட்டுக்கு வரும் காக்குக்கு இருவரும் ஒரே நேரத்தில் பாய்வது சகஜம். இன்று காலை அப்படிப் பாய்ந்ததில் என் பேட்டும் ஜோடியின் பேட்டும் மோதிக்கொண்டன. வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேல் வளைவின் வலப்பக்கம் பெயின்ட் உதிர்ந்த இடத்தில் மயிரிழைக் கோடு ஒன்று ஓடுகிறது. பெயின்ட் மட்டும் விரிசல் விட்டிருந்தால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். இங்கே தட்டி நிற்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் மெல்ல நெரிகிற சத்தம். கார்பன் இழை விட்டுப்போயிற்று.

ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஸ்ட்ரிங் ஒவ்வொன்றும் இருபது பவுண்டுக்கு மேல் ஃபிரேமை உள்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஆட்டத்தின் நடுவே ஒடிந்தால் சில்லு யார் கண்ணில் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. புதிது வாங்கத்தான் வேண்டும்.

2011-இல் வாங்கியது இது. லண்டன் உலகப் போட்டியில் ஜ்வாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் வெண்கலம் வென்ற வருடம். உலகப் போட்டியின் இரட்டையர் பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். அதைப் பார்த்த பிறகுதான் பெண்கள் இரட்டையர் என்றால் இவ்வளவு வேகமா என்று எனக்கு விளங்கியது.

ஜூன் 5

எதை வாங்குவது என்று தேடுவதற்கு முன், கையில் இருந்தது என்ன என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள நினைத்தேன். 'இதே மாதிரி ஒன்று கொடுங்கள்' என்று கடையில் நின்றால், எது 'இதே' என்று எனக்கே தெரிய வேண்டுமல்லவா.

கைப்பிடிக்கு மேலே உள்ள கூம்பில் 3யு ஜி4 என்று அச்சிட்டிருக்கிறது. 3யு என்றால் ஃபிரேமின் எடை 85 கிராமிலிருந்து 90-க்குள். 4யு என்றால் 80-இலிருந்து 85-க்குள். ஜி என்பது பிடியின் பருமன்; எண் ஏற ஏறப் பிடி மெலியும். இதெல்லாம் வெற்று ஃபிரேமின் கணக்கு. ஸ்ட்ரிங் ஒரு நாலைந்து கிராம், மேலே சுற்றும் கிரிப் ஐந்தாறு கிராம் என்று பிறகு கூடும். சமையலறைத் தராசில் வைத்தேன்: 98 கிராம்.

ஆனால் எடையை விட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கைக்குத் தெரியும். ஸ்கேலை ஓரமாக நிறுத்தி அதன்மேல் பேட்டைப் படுக்க வைத்து, ஆடாமல் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்தேன். பிடியின் அடியிலிருந்து 29 சென்டிமீட்டர். நடுத்தரம். எண் கூடினால் எடை தலைப்பக்கம், குறைந்தால் கைப்பக்கம். வீசும்போது சுழலும் மையம் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், பிடியில் ஐந்து கிராம் ஏறினால் கை அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. தலையில் இரண்டு கிராம் ஏறினால் போதும், நாலாவது கேமில் தோள் சொல்லிவிடும்.

ஜூன் 8, ஞாயிறு

ஜோடிப் பெண் தன் தலை கனமான பேட்டைக் கொடுத்தாள். "ஒரு கேம் ஆடிப் பாருங்கக்கா. ஸ்மாஷ் வேணும்னா தலை கனமாத்தான் இருக்கணும்."

கிளியர் அடித்தால் காக் சிரமமில்லாமல் பின்கோட்டில் போய் விழுகிறது. அது உண்மை. ஆனால் உடம்புக்கு நேராக வரும் ஸ்மாஷைத் திருப்பப் பேட்டை முன்னால் கொண்டுவருவதற்குள் காக் இடுப்பைத் தாண்டிவிடுகிறது. இரட்டையரில் என் வேலையில் பாதி இந்தத் தடுப்புத்தான்.

ஸ்மாஷுக்குத் தலைக்கனம் வேண்டும் என்பதையும் நான் முழுசாக ஏற்கமாட்டேன். 2023-இல் ஜப்பானின் சோகா நகரில் நடந்த சோதனையில் இந்திய வீரர் சாத்விக் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர், கின்னஸ் பதிவு. அவர் கையில் இருந்தது நானோஃப்ளேர் 1000 இசட், தலை லேசான வகை. ஆறடி நாலங்குலத்துக்கு மேல் உயரமுள்ள டென்மார்க் வீரர் விக்டர் ஆக்செல்சன் பெயர் வாங்கியதோ ஆஸ்ட்ராக்ஸ் 100 வகையில், அது தலை கனமானது. இரண்டு வழியிலும் காக் பறக்கிறது. கனத்தோடு வேகமும் சேர்ந்தால்தான் அடி விழும். எந்தக் கை எந்தக் கனத்தை எவ்வளவு வேகமாக வீசும் என்பதுதான் கேள்வி. நட்சத்திரங்களின் பேட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஷாஃப்டும் விறைப்பாக இருக்கும். அவர்கள் வீசும் வேகத்துக்கு அது வளைந்து சட்டென்று நிமிரும். என் வீச்சுக்கு வளையவே வளையாது. அடியின் அதிர்ச்சி முழங்கைக்கு வந்து சேரும். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆசையாக இப்படிப்பட்ட பேட்டை வாங்கிக் கொடுக்கும் பெற்றோரைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. அந்தப் பணத்தில் நல்ல இறகுக் காக்கில் பயிற்சி செய்ய வைக்கலாம்.

ஜூன் 10

சென்னைப் பெரியமேடு. நேரு ஸ்டேடியம் பக்கத்துக் கடையில் ஸ்ட்ரிங் போடும் பாய், விலையைச் சொல்லுமுன் என்னைக் கேள்வி கேட்டார். "சிங்கிள்ஸா டபுள்ஸா? வாரத்துல எத்தனை நாள்? தோள்ல வலி உண்டாம்மா?"

சொன்னேன். பழைய பேட்டை நீட்டினேன். விரிசலைப் பார்த்துவிட்டு, சுற்றியிருந்த துளைகளின் பிளாஸ்டிக் குழல்களைக் காட்டினார். காய்ந்து, விளிம்பு பிளந்து, ஸ்ட்ரிங் நேராகக் கார்பனில் உரசிக்கொண்டிருந்தது. "இது போச்சுன்னா ஃபிரேமை அரிச்சிரும். வருஷத்துக்கு ஒருதடவ பார்த்து மாத்திட்டா இன்னும் ஓடியிருக்கும்." மாற்ற ஆகும் செலவு ஒரு டப்பா காக்கின் விலை கூட வராது. பேட் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

ஐந்தாறு பேட்டை எடுத்துப்போட்டார். ஒவ்வொன்றின் தலையையும் பிடியையும் பிடித்து மெதுவாக வளைத்துக் காட்டினார். வெறும் ஃபிரேமைக் காற்றில் வீசிப் பார்ப்பதால் பயனில்லை என்பதால், ஸ்ட்ரிங் போட்ட மாதிரிப் பேட் இருந்தவற்றை மட்டும் தனியே வைத்தேன். மிஞ்சியது இரண்டு. இரண்டுமே 4யு, இரண்டுமே நடுச்சமநிலை. ஒன்றின் ஷாஃப்ட் விறைப்பு, மற்றது மிதம். மிதமானதை எடுத்தேன்: ஆர்க்சேபர் 7 ப்ரோ, ஜி5 பிடி. என் விரல் கொஞ்சம் குட்டை; மெலிந்த பிடியில் மேல் கிரிப் சுற்றித் தேவையான பருமனுக்குக் கொண்டுவரலாம், தடித்த பிடியைச் செதுக்க முடியாது.

ஸ்ட்ரிங்? "மெல்லிசா போட்டா சத்தம் நல்லா வரும், சீக்கிரம் அறுந்திரும்," என்றார் பாய். 0.70 மில்லிமீட்டர் பிஜி65-ஐச் சொன்னேன். எத்தனை பவுண்டு என்றதற்கு 23. சர்வதேச ஆட்டக்காரர்கள் முப்பது பவுண்டு ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இங்கே பலரும் 28 கேட்கிறார்களாம். இழுவை ஏற ஏற, காக் நன்றாகப் படும் இடம் சுருங்கும். நடுவில் பட்டால்தான் போகும், கொஞ்சம் விலகினால் செத்து விழும். தளர்ந்த ஸ்ட்ரிங் காக்கைத் தானே தள்ளிவிடும். வாரத்தில் நாலு காலை மட்டும் ஆடுகிற கைக்கு அந்தத் தள்ளல் வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

ஆடியாயிற்று. முதல் கேமில் எல்லாம் அரை நொடி முன்னதாக நடந்தது. பேட் லேசு என்பதால் காக் வருமுன்பே வீசிவிடுகிறேன். டிரைவ்கள் வலையில் போய் விழுந்தன. மூன்றாவது கேமில் சரியாயிற்று. உடம்புக்கு வந்த ஸ்மாஷ்களைத் தடுத்துத் திருப்ப முடிந்தது, இரண்டை எதிரியின் பின்கைப் பக்கம் போடவும் முடிந்தது. பின்கோட்டிலிருந்து கிளியர் மட்டும் இன்னும் ஒரு சாண் குட்டையாக விழுகிறது. பழைய பேட்டில் கூடுதலாக இருந்த ஐந்து கிராம் செய்த வேலையை இனி கால் செய்ய வேண்டும், சீக்கிரமாகக் காக்குக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும்.

ஆட்டம் முடிந்து ஜோடிப் பெண் வாங்கி வீசிப் பார்த்தாள். "ரொம்ப லேசா இருக்கேக்கா, எனக்கு ஒத்துவராது." அவளுக்கு ஒத்துவராதுதான். அவள் பின்னால் நின்று அடிப்பவள், நான் முன்னால் நின்று தடுப்பவள். ஸ்ட்ரிங் இப்போதைக்கு 23-லேயே இருக்கட்டும். இது தளர்ந்ததும் 22 சொல்லிப் பார்க்கலாம், கிளியர் அந்த ஒரு சாணை எட்டுகிறதா என்று.