சூடு ஆறிய பறையும் ஆறாத லூப்பும்

போகிற இடத்திலேயே, கையில் இருக்கிற சின்னக் கருவிகளை வைத்து அப்போதைக்கு அப்போது மின்னணு இசை செய்கிற தோழர்கள் நம்மிடையே பெருகியிருக்கிறார்கள். இதைப் பரிசோதனை இசை என்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் 'பரிசோதனை' என்கிற சொல் யாருக்குச் சொந்தம் என்பதையும் நாம் பேசியாக வேண்டும்.

1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். அந்த அறைக்குள் நுழைய முடிந்தவர்கள் கொஞ்சப்பேர். 1982இல் பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், தூக்கிப்போகக்கூடிய ரோலண்ட் கருவிகளை வைத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அன்று அதைக் கவனித்தவர்கள் குறைவு. 2010இல் மறுவெளியீடு வந்தபிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அவர் வாசித்த அதே டிபி-303, டிஆர்-808 ரகக் கருவிகள் சந்தையில் தோற்று, பழைய சாமானாக மலிந்தபோது, அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் அவற்றை எடுத்துக்கொண்டார்கள். சிகாகோவும் டெட்ராய்ட்டும் புது இசைக்குப் பெயர்போன ஊர்களாயின. கருவி மலிந்தால் கதவு திறக்கும். திறந்த கதவு வழியாக நாம் எதை எடுத்துக்கொண்டு போகிறோம் என்பதுதான் கேள்வி.

எங்கள் பையில் இருப்பது ஒரு லூப்பர், காசு அளவுக்கு ஒரு தொடுமைக், பேட்டரியில் ஓடும் ஒரு ஸ்பீக்கர். போன மாசி மாதம் இவற்றோடு சோரியாங்குப்பம் போனோம். பாகூர் கொம்யூனில், தென்பெண்ணைக் கரையில் இருக்கிற ஊர். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குக் கூட்டம் நெரியும். மற்ற நாளில் மணலும் காற்றும்தான். பேட் பகுதியிலிருந்து பறையடிக்கும் பெரியப்பா ஒருவர் எங்களோடு ஆற்றுக்கு வந்தார்.

சருகைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார். சட்டத்தில் மைக்கை ஒட்டினோம். அவர் அடித்த நாலு சுற்றை லூப்பர் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னது. அதன்மேல் அவர் அடித்துக்கொண்டே போனார். பத்து நிமிஷத்தில் ஆற்றுக் காற்றில் தோல் தளர்ந்து, சுருதி இறங்கிவிட்டது. லூப்பில் இருந்த பறை மட்டும் விறைப்பாகவே ஒலித்தது.

"சூடா இருந்தப்ப அடிச்சது இது. இப்ப தோலு ஆறிப்போச்சி. ஒங்க பொட்டிக்கு அது தெரியலியேப்பா" என்று சிரித்தார். ஆனால் மறுபடி காய்ச்சப் போகவில்லை. விறைத்த அடி விழும் இடத்தில் கையை நிறுத்தி, அது ஓயும் இடத்தில் தளர்ந்த அடியைப் போட்டார். ஒரே பறை இரண்டாகி ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தது. இது பரிசோதனை இல்லை என்றால் வேறு எது? கூட்டத்தின் நடைக்கும் மூச்சுக்கும் ஏற்ப அந்தக் கணமே அடியை மாற்றுகிற வித்தை, எந்த லூப்பரும் வருவதற்கு முன்பே தெருவில் இருக்கிறது.

முடித்ததும் அவர் கேட்டார்: "நான் போனப்புறமும் இது அடிச்சிக்கிட்டே இருக்குமா? அப்ப கூலி யாருக்கு?"

தோழர்களே, இது வேடிக்கைக் கேள்வி அல்ல. சாதிக்குப் பறையின் ஓசை எப்போதும் வேண்டும். அடிக்கிற ஆள் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். அதனால்தான் காட்டுமன்னார்கோயில் பக்கம் எல். இளையபெருமாள் போன்றவர்கள் பறையடிக்க மாட்டோம் என்று சொல்லும் அரசியலை முன்னெடுத்தார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது பறை, கானா, ராப் எல்லாம் ஒரே மேடையில் நின்றன. வாசித்தவர்கள் பெயரோடும் முகத்தோடும் நின்றார்கள். மறுத்ததும் மரியாதைக்காக, மேடையேறியதும் மரியாதைக்காக. நாம் ஓசையை மட்டும் வெட்டியெடுத்து 'நாட்டுப்புறத் தாளம் 3' என்று கோப்புக்குப் பெயர் வைத்தால், ஆளில்லாத பறையை அதே சாதிக்குச் செய்துகொடுத்தவர்கள் ஆகிவிடுவோம்.

ஆகவே எங்களுக்குள் சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். கேட்காமல் பதிவு செய்வதில்லை. சாவு வீட்டில் மைக்கை எடுப்பதில்லை. கோப்பின் பெயரில் முதலில் வாசித்தவர் பெயர், அவர் விரும்பினால். ஒரு பிரதி அன்றைக்கே அவர் போனுக்கு. வருமானம் வந்தால் சரிபங்கு. லூப்பரை அவர் கையிலும் கொடுத்து, பட்டனை அவரே மிதிக்கட்டும் என்று விடுவது.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். பதிவை எப்போது தொடங்குவது, எப்போது அழிப்பது என்று வாசிக்கிறவரே முடிவு செய்யும்போதுதான் அந்தக் கருவி நம்முடையதாகும்.